மறையும் முனை: இணக்கத்தின் அறம் பற்றிய ஒரு நோக்கு

இரண்டு கோடுகள் சந்திக்குமிடத்தில் ஒரு முனை தோன்றுகின்றது. அம்முனையை அவ்வாறே விடுவதா, அன்றி அதனை நீக்கி இரு கோடுகளையும் ஒரு வளைவால் இணைப்பதா என்பது வரைபடம் வரைவோருக்கு அன்றாடம் எழும் வினா. கணினியின் துணையோடு வரையும் இந்நாளில் அதற்கு விடை காண ஒரு கணப்பொழுது போதும். கட்டளையொன்றைத் தெரிந்து, ஆரையின் அளவைக் கொடுத்து, இரு கோடுகளையும் சுட்டினால் முனை மறைந்துவிடும். அது இருந்த இடத்தில் ஒழுங்கான வில்லொன்று நிற்கும்.

இச்செயல் தொழில்நுட்பம் சார்ந்ததொன்றாகவே கருதப்பட்டு வருகின்றது. ஆயினும் அதனுள் ஓர் அறவியல் வினா அடங்கியுள்ளது. வேறுபட்ட திசைகளிற் செல்லும் இரண்டினை இணைக்கும்பொருட்டு அவற்றிலிருந்து ஏதோவொன்றை நீக்குவது எப்போது முறையாகும்? எப்போது முறைகேடாகும்? இதுவே அவ்வினா. வழக்காடும் அயலவரை இணக்குவோரும், பாகம் பிரிக்கும் உடன்பிறந்தாரும், பகைத்து நின்ற சமூகங்களை ஒன்றுசேர்க்க முயல்வோரும் இதே வினாவையே எதிர்கொள்கின்றனர். வரைபடத்தில் அது அளந்தறியத்தக்க வடிவிற் கிடைப்பதால், அங்கிருந்து தொடங்கி அதனை ஆராய்தல் பயனுடைத்தாகும். எடுத்துக்காட்டுகளுக்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கிலுள்ள உரும்பிராயின் வீதிகளும் ஒழுங்கைகளும் செம்மண் தோட்டக் காணிகளும் அதற்குப் போதுமானவை.

வளைவு அமையும் முறை

1963இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லாந்து தமது ஆய்வுக்காக உருவாக்கிய ‘ஸ்கெச்பாட்’ என்னும் செயலி, திரையிற் கோடு வரைந்து அதனைத் திருத்தும் வழியைத் திறந்துவிட்டது. 1982இல் வெளிவந்த ‘ஓட்டோகாட்’ அவ்வசதியைச் சாதாரண வரைவாளரின் மேசைக்குக் கொண்டுவந்தது. இத்தகைய மென்பொருள்களில் மூலையை வளைவாக்கும் கட்டளை ‘ஃபில்லட்’ என வழங்கும். அது செய்யும் வேலை எளிமையானது. முதலில் இரு வளையிகளுக்கும் கொடுக்கப்பட்ட ஆரையளவு தூரத்தில் இரண்டு இணை வளையிகள் எண்ணிக்கொள்ளப்படும். அவை ஒன்றையொன்று வெட்டும் புள்ளி புதிய வில்லின் மையமாகும். அம்மையத்திலிருந்து மூல வளையிகள் ஒவ்வொன்றுக்கும் செங்குத்து விழும் இடங்கள் தொடுபுள்ளிகளாகும். தொடுபுள்ளிகளுக்கு அப்பால், முனைவரை எஞ்சும் பகுதிகள் வெட்டி நீக்கப்படும்.

இம்முறையை ஊன்றி நோக்குமிடத்து நான்கு உண்மைகள் புலனாகும். முதலாவது, வில்லின் மையம் இரு வளையிகளுள் எதன்மீதும் இல்லை. இணைப்பை ஆளும் புள்ளி இரண்டுக்கும் வெளியே நிற்கின்றது. இரண்டாவது, அம்மையம் இரண்டிலிருந்தும் சம தூரத்தில் இருப்பினும், இழப்புச் சமமாகும் என்பதற்கு உறுதியில்லை. சந்திப்பவை நேர்கோடுகளாயின் இருபுறமும் இழக்கப்படும் நீளம் ஒன்றே. ஒரு புள்ளியிலிருந்து வட்டமொன்றுக்கு வரையப்படும் இரு தொடலிகளும் சமம் என்பது பாடசாலைக் கேத்திரகணிதம். ஆயின் சந்திப்பவை வெவ்வேறு வளைவுடைய வளையிகளாயின், ஒன்று மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் இழக்கக்கூடும்.

மூன்றாவது, முனை எவ்வளவு கூர்மையானதோ அவ்வளவுக்கு இழப்பும் பெரிது. ஆரை 10 மீற்றர் எனக் கொள்வோம். இரு நேர்கோடுகள் 120 பாகையிற் சந்திப்பின் நீக்கப்படும் பரப்பளவு ஏறத்தாழ 5.4 சதுர மீற்றர். 90 பாகையிற் சந்திப்பின் அது 21.5 சதுர மீற்றர். 60 பாகையிலோ 68.5 சதுர மீற்றர். ஆரை மாறவில்லை, இணைப்பின் மென்மையும் மாறவில்லை. ஆயினும் அம்மென்மைக்குச் செலுத்தும் விலை பன்னிரு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. நான்காவது, ஆரைக்கு ஓர் எல்லை உண்டு. கோடு குறுகியதாயிருக்க, அதனாற் பொறுக்கவியலாத ஆரையை நாம் கொடுப்பின், ஆரை மிகப் பெரிதென்று கூறி மென்பொருள் மறுத்துவிடும். தன்னிடம் உள்ள நீளத்துக்கு மேல் எக்கோட்டினாலும் விட்டுக்கொடுக்க முடியாது.

முனையின் தீமை

முனையை நீக்குதல் வெறும் அழகுக்காகச் செய்யப்படுவதன்று. உலோகத்தைக் குடைந்தெடுக்கும் சுழல் வெட்டுளி வட்டமானது. ஆதலின் உட்புற மூலையில் அது தன் ஆரையையே விட்டுச் செல்லும். கூரிய விளிம்பு கையைக் கிழிக்கும். இவற்றினும் முக்கியமான காரணம் தகைப்பு. பாரம் ஏற்றப்பட்ட தகடொன்றில் விசை ஓர் ஓட்டம்போற் பரவுகின்றது. அவ்வழியிற் கூரிய மூலையொன்று குறுக்கிடின் விசை முழுவதும் ஒரே புள்ளியைச் சுற்றித் திரும்பவேண்டியதாகும். 1913இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் சார்ள்ஸ் இங்கிலிஸ் இதனைக் கணித்துக் காட்டினார். தகட்டிலுள்ள வட்டத் துளையின் ஓரத்தில் தகைப்பு மூன்று மடங்காகும். துளை நீண்டு அதன் முனை கூர்மையாக ஆக, முனையின் ஆரை நான்கிலொன்றாகக் குறையுந்தோறும் கூடுதலாக ஏறும் தகைப்பு இருமடங்காகும். ஆரை பூச்சியத்தை அணுகின் அதற்கு வரம்பே இல்லை.

இக்கணக்கின் பொருளை உலகம் 1954இல் துயரத்தோடு உணர்ந்தது. அவ்வாண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு கொமெட் தாரை விமானங்கள் மத்தியதரைக் கடற்பரப்புக்கு மேலே வானிற் சிதறின. இங்கிலாந்திலுள்ள ஃபாண்பரோவில் அவ்வகை விமானமொன்றின் உடலைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, உள்ளழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். உடலில் வெட்டப்பட்ட திறப்புகளின் மூலைகளை அண்டிய இடங்களில் தகைப்பு எதிர்பார்த்ததைவிட மிகுந்திருந்தமையும், உலோகம் களைத்து அங்கிருந்து பிளவு பரவியமையும் தெளிவாயின. அம்மூலைகள் கத்திபோற் கூரியவையல்ல, ஓரளவு வளைந்தவையே. அவ்வளைவு ஏற்கவேண்டிய பாரத்துக்குப் போதவில்லை.

ஆகவே, இணக்கமென்பது கோழைகளின் வழியென்று எள்ளி நகையாடுவோர் ஒன்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். முனை தன்னளவில் வீரமுடையதாகத் தோன்றலாம். ஆயின் அதனைத் தாங்கி நிற்கும் உடல் முழுவதும் அம்முனையிலிருந்தே பிளக்கின்றது. ஒரு வேலியின் மூலையிலே தொடங்கிய சச்சரவு இரு குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துவைத்த கதைகள் நமது ஊர்களுக்குப் புதியனவல்ல. விசையைப் பரப்பிவிடும் வளைவு உயிர்காக்கும் நன்மையாகும். இதனை முதலில் ஏற்றுக்கொண்ட பின்னரே அதன் குறைகளைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு உண்டாகும்.

ஒழுங்கை முடக்கில்

யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி செல்லும் வீதியும் மானிப்பாயிலிருந்து கைதடி செல்லும் வீதியும் உரும்பிராய்ச் சந்தியில் ஒன்றையொன்று கடக்கின்றன. பெருவீதிகளிலிருந்து பிரியும் ஒழுங்கைகள், தோட்டங்களுக்கும் வளவுகளுக்கும் இடையே முடங்கி முடங்கிச் செல்கின்றன. குடாநாட்டின் ஒழுங்கைகள் பெரும்பாலும் காணி எல்லைகளைப் பின்பற்றி அமைந்தவை. எல்லை திரும்புமிடத்தில் ஒழுங்கையும் திரும்பும். மாட்டுவண்டி திரும்பப் போதுமாயிருந்த முடக்கு பாரவூர்திக்குப் போதாது. அம்புலன்ஸ் வண்டிக்கும் போதாது. எதிரே வருபவரை மதில் மறைக்கும் மூலையில் விபத்து நேரும். போருக்குப் பிந்திய ஆண்டுகளிற் குடாநாட்டின் வீதிகள் பல அகலமாக்கப்பட்டபோது, மூலைகளை வளைக்கவேண்டிய தேவையும் பலவிடங்களில் எழுந்தது.

இங்கே மூலை என்பது தாளின்மீதுள்ள புள்ளியன்று, மண். யாழ்ப்பாண வழக்கில் 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஆதலின் ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். செங்கோண மூலையொன்றை 10 மீற்றர் ஆரையில் வளைப்பின் இழக்கப்படுவது ஒரு பரப்பின் பன்னிரண்டில் ஒரு பங்களவு. 60 பாகைக் கூர்மூலையாயின் காற்பரப்புக்கும் சற்று அதிகம். 20 பரப்புத் தோட்டம் உடையவருக்கு இது பொருட்டன்று. இரண்டு பரப்புக் காணியில் வீடும் கிணறும் சில தென்னைகளும் கொண்டு வாழ்பவருக்கோ, அந்த மூலையிலேதான் கிணறு இருக்கக்கூடும். வரைபடத்தில் இரு மூலைகளுக்கும் ஆரை ஒன்றே. வாழ்க்கையில் அவை ஒன்றல்ல. அரிஸ்ரோட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலில் பொருளின் நடுவையும் நம்மைச் சார்ந்த நடுவையும் பிரித்துக் காட்டினார். பத்துக்கும் இரண்டுக்கும் நடு ஆறென்பது எண்கணிதம். ஆனால் மல்லனுக்கும் பயிற்சியைப் புதிதாகத் தொடங்குபவனுக்கும் ஒரே அளவான உணவைப் பரிந்துரைத்தல் பொருந்தாது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரமும் சான்றோர்க்கு உவமையாகத் துலாக்கோலையே காட்டுகின்றது. துலாக்கோல் தூரத்தை அளப்பதில்லை, பாரத்தையே அளக்கின்றது.

முடங்கிச் செல்லும் ஒழுங்கையில் இன்னுமொரு நுட்பம் உண்டு. முடக்கின் உட்புறத்தே ஒருவர் காணி. வெளிப்புறத்தே மற்றொருவர் காணி. பாதை வளைவாக்கப்படும்போது அது உட்புறம் நோக்கி நகரும். உட்புறத்தார் தம் மூலையை இழப்பார். வெளிப்புறத்திலோ பழைய முடக்கின் ஒரு துண்டு பயனின்றிக் கிடக்கும். சில ஆண்டுகளில் அது கதியால் வேலிக்குள் அடைபட்டு வெளிப்புறத்தாரின் வளவோடு சேர்ந்துவிடுதலும் கூடும். இருவரும் எதுவும் பேசவில்லை. எவரும் எதையும் திருடவில்லை. வளைவொன்று வரையப்பட்டது. ஒருவரின் இழப்பு மற்றவரின் ஆதாயமாயிற்று. பயன் பெற்றோரோ இருவருமல்லர். அவ்வழியே செல்லும் ஊரார். வில்லின் மையம் இரு வளையிகளுக்கும் வெளியே நிற்கின்றது என்ற கேத்திரகணித உண்மையின் அறவியற் பொருள் இங்கே துலங்குகின்றது. இணக்கம் பெரும்பாலும் மூன்றாம் தரப்பொன்றின் நன்மைக்காகவே வேண்டப்படுகின்றது. அந்நன்மை நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனால் மூன்றாந்தரப்பின் வசதியை இரு தரப்பினரின் விருப்பமாகக் காட்டுவது பொய்.

பொதுத் தேவைக்குக் காணி எடுக்கும்போது இழப்பீடு வழங்கப்படவேண்டுமென்பதை 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் ஏற்றுள்ளது. ஆயின் ஊர் ஒழுங்கைகளில் மூலைகள் பெரும்பாலும் சட்டத்தாற் பெறப்படுவதில்லை. உரியவர் விட்டுக்கொடுப்பதாலேயே பெறப்படுகின்றன. ‘விட்டுக்கொடுத்தல்’ என்ற தமிழ்ச்சொல் இவ்விடத்திற் கவனித்தற்குரியது. விடுதலும் கொடுத்தலும் ஆகிய இரு வினைகளால் ஆனது அச்சொல். விடுவதற்குப் பற்றியிருக்கவேண்டும், கொடுப்பதற்கு உரிமை இருக்கவேண்டும். ஆகவே ஒருவருக்காக மற்றொருவர் விட்டுக்கொடுக்க இயலாது. உரியவரைக் கேளாது அவருடைய மூலையை வளைப்பவர் விட்டுக்கொடுக்கவுமில்லை, விட்டுக்கொடுக்கச் செய்யவுமில்லை. எடுத்துக்கொண்டார் என்பதே உண்மை. கணினியின் கட்டளை இவ்வேறுபாட்டை அறியாது. சுட்டப்படும் கோடுகளுக்கு வாயில்லை. திரையின்முன் அமர்ந்திருப்பவர் நேர்மையானவராயினும், அவர் கண்முன் மதிலும் கிணறும் தோன்றுவதில்லை. தீங்கு செய்யும் எண்ணம் சிறிதுமின்றித் தீங்கு செய்யத்தக்க நிலை இதுவேயாகும். முன்னாளில் நில அளவையாளர் சங்கிலியோடு அம்மூலைக்குச் செல்லவேண்டியிருந்தது. படலையடியில் உரியவர் நின்றிருப்பார். இன்று கிளிநொச்சி அறிவியல் நகரிற் பயிலும் பொறியியல் மாணவரும், கொழும்பில் அமர்ந்து வரையும் வரைவாளரும் உரும்பிராயின் மூலையொன்றை அங்கு செல்லாமலே வளைத்துவிடலாம். வேலை எளிதாகும்போது அதனோடு கூடிய சந்திப்பு இல்லாது போகின்றது.

உடம்படுமெய்

இணைப்பைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த துறைகளுள் தமிழிலக்கணமும் ஒன்று. இரு சொற்கள் சந்திக்குமிடத்தை இலக்கண நூலார் புணர்ச்சி என்றனர். மாற்றமின்றிச் சேர்வது இயல்பு புணர்ச்சி. மாற்றத்தோடு சேர்வது விகாரப் புணர்ச்சி. விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகும். ஈழத்துப் பொறியியற் கலைச்சொற்களில் பாரத்தால் ஒரு பொருள் அடையும் உருமாற்றத்துக்கும் விகாரம் என்றே பெயர் வழங்குவது ஒரு பொருத்தம்.

மணி என்பதும் அடித்தான் என்பதும் சேரும்போது இரண்டு உயிர்கள் நேர்நின்று மோதுகின்றன. அம்மோதலைத் தவிர்க்க இடையே யகரமெய் தோன்றி, மணியடித்தான் என்றாகின்றது. அந்த யகரம் முதற்சொல்லுக்கும் உரியதன்று, இரண்டாஞ்சொல்லுக்கும் உரியதன்று. இரண்டுக்கும் வெளியே இருந்து வந்து இரண்டையும் இணைப்பது. இதனை நன்னூலார் உடம்படுமெய் என்றார். உடம்படுதல் என்பதற்கு இசைதல், சம்மதித்தல் என்ற பொருள்களும் உண்டு. வரைபடத்தில் வில் செய்யும் வேலையை மொழியில் உடம்படுமெய் செய்கின்றது எனலாம்.

கெடுதற் புணர்ச்சியும் இவ்வகையிற் சிந்திக்கத்தக்கது. மரம் என்பதும் வேர் என்பதும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரமெய் கெட்டுவிடுகின்றது. ஒரு சொல் தன் இறுதியை இழந்தே மற்றதோடு சேர்கின்றது. ஆயினும் இவ்விழப்பு அநீதியாக நமக்குத் தோன்றாதது ஏன்? கெட்ட எழுத்து எதுவென்பதைப் படிப்பவர் அறிவார் என்பதே காரணம். மரவேர் என்பதைப் பிரித்தெழுதுமாறு கேட்பின் சிறுவனும் மரம், வேர் எனப் பிரித்துவிடுவான். இலக்கணம் சேர்க்கும் விதியைச் சொல்லும்போதே பிரிக்கும் வழியையும் தந்துவிடுகின்றது. பிரிக்கமுடியாதபடி சேர்ந்த சொல் பொருள் மயக்கத்தை உண்டாக்கும். இவற்றிலிருந்து நாம் பெறுவது ஒரு நெறி: இணைந்தவற்றை மீளப் பிரித்தறியும் வழி இருக்குமாயின், இணைப்பில் நேர்ந்த இழப்பு உண்மையை அழித்ததாகாது.

மறைந்தும் ஆளும் முனை

இந்நெறி வரைபடத்துக்கும் பொருந்துவதே. பெருவீதியொன்றின் வளைவை நிலத்திற் குறிக்கும் பொறியியலாளர், அவ்வளைவுக்கு இருபுறமுமுள்ள நேர்ப்பகுதிகள் நீண்டு சந்திக்கும் புள்ளியை முதலிற் கணிப்பார். அப்புள்ளி வீதியின்மீது இல்லை. வீதிக்குப் புறத்தே யாரோ ஒருவரின் தோட்டத்துள் விழும். எந்த வாகனமும் அப்புள்ளியைக் கடப்பதில்லை. எனினும் வளைவு தொடங்கும் இடமும் முடியும் இடமும் அப்புள்ளியிலிருந்தே அளக்கப்படுகின்றன. நீக்கப்பட்ட முனையே வளைவுக்கு ஆதாரமாகின்றது.

வரைகலைக் கணிதத்திலும் இதனைக் காணலாம். பிரான்சின் சிற்றொயன் கார் நிறுவனத்தில் 1959இல் போல் டி கஸ்ரெல்ஜோவும், அதன்பின் ரெனோ நிறுவனத்திற் பியர் பெசியேயும் தனித்தனியே உருவாக்கிய வளையி முறை இன்று எங்கும் வழங்குகின்றது. அதன் எளிய வகையில் மூன்று புள்ளிகள் உள. முதலாம் புள்ளியிலிருந்து மூன்றாம் புள்ளிக்கு வளையி செல்கின்றது. நடுப்புள்ளியை அது தொடுவதேயில்லை. ஆயினும் நடுப்புள்ளியை நோக்கிப் புறப்பட்டு, அதன் திசையிலிருந்தே வந்து சேர்கின்றது. நடுப்புள்ளியை அசைத்தால் வளையி முழுவதும் அசையும். கணினித் திரையில் நாம் படிக்கும் தமிழெழுத்துகளின் வளைவுகள் பலவும் இவ்வகையினவே. ‘ழ’கரத்தின் சுழியும் ‘ஞ’கரத்தின் கொம்பும் தாம் தொடாத முனைகளின் நினைவாலேயே வடிவு பெறுகின்றன.

இருப்பினும் அந்நினைவு அழிதலும் உண்டு. 1980களின் பிற்பகுதியிற் பரவத் தொடங்கிய அளபுருசார் வடிவமைப்பு மென்பொருள்கள், ஒரு பொருள் உருவான வரலாற்றைப் படிமுறையாகச் சேமித்து வைக்கின்றன. மூலையை வளைத்த படியை நீக்கிவிட்டாற் பழைய முனை மீண்டும் தோன்றும். ஆனால் அப்பொருளை வேறொரு மென்பொருளுக்கு அனுப்பப் பொதுவடிவக் கோப்பாக மாற்றும்போது அவ்வரலாறு பொதுவாக அற்றுப்போகின்றது. இறுதி மேற்பரப்பு மட்டுமே எஞ்சுகின்றது. அதனைப் பெறுபவருக்கு அப்பொருள் வளைவோடு பிறந்ததாகவே தோன்றும். எது நீக்கப்பட்டது, யார் நீக்கினார், எதன்பொருட்டு நீக்கினார் என்ற வினாக்களை எழுப்புவதற்கே அவருக்கு இடமில்லை. காணியிலும் இதுவே நிகழ்கின்றது. விட்டுக்கொடுத்த மூலை உறுதியிலும் நில அளவைப் படத்திலும் பதியப்படாதொழியின், ஒரு தலைமுறைக்குள் அது எப்போதும் ஒழுங்கையாகவே இருந்தது என்றாகிவிடும். கொடுத்தவரின் கொடை மறையும். அவருடைய பிள்ளைகள் உறுதியிலுள்ள அளவு நிலத்திற் குறைவதைக் கண்டு அயலவர்மீது வழக்குத் தொடுத்தாலும் வியப்பில்லை. மூலையைப் பதிவின்றி வளைத்ததனால் ஒரு முனை போய் வேறொரு முனை பிறக்கின்றது.

பூச்சிய ஆரை

மேலே கூறியவற்றுக்கு மறுப்பொன்று எழக்கூடும். பழைய முனையை நினைவில் வைத்திருப்பது பகையை வளர்ப்பதாகாதா? மனிதர் கூடிவாழ்வதற்கு மறதியும் ஒரு மருந்தல்லவா? எல்லாவற்றையும் எழுதிவைக்கும் சமூகம் எதனையும் மன்னிக்காத சமூகமாகிவிடாதா? இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மன்னித்தோர் மறக்கவும் முடிந்தமையாலேயே நிலைத்த குடும்பங்கள் பல உள.

எனினும் மறத்தலும் விட்டுக்கொடுத்தல் போன்றதே. இழந்தவருக்கே அது உரியது. தான் இழந்ததைத் தானே மறப்பவர் பெருந்தன்மையுடையவர். பிறர் இழந்ததை அவருக்காக மறப்பவரை அவ்வாறு கூறமுடியாது. மேலும், பதிவு செய்தல் வேறு, பதிவை ஆயுதமாக ஏந்துதல் வேறு. வீதியின் வளைவுக்கு ஆதாரமான புள்ளி தோட்டத்துள் ஒரு குறியாக இருக்கின்றது. அது வீதியின் நடுவே நின்று எவரையும் இடறச் செய்வதில்லை. தேடுவோர் காணத்தக்க இடத்தில் அது இருந்தாற் போதும்.

இலங்கையின் சட்டமும் சிறுவழக்குகளில் இத்தகையதொரு வழியை வகுத்துள்ளது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் நிறுவப்பட்டன. எல்லைத் தகராறு போன்ற பிணக்குகளில் மத்தியஸ்தர் இரு தரப்பினரையும் கூட்டி இணக்கம் காண முயல்வர். தீர்ப்பை அவர்கள்மீது திணிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இணக்கம் ஏற்பட்டால் அது எழுத்தில் வரையப்படும். ஏற்படாவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்பதற்கும் சான்றிதழ் வழங்கப்படும். இவ்விரண்டாவது சான்றிதழ் சிந்தித்தற்குரியது. ஓட்டோகாட்டில் ஆரையின் அளவாகப் பூச்சியத்தைக் கொடுக்கலாம். அப்போது வளைவு தோன்றாது. இரு கோடுகளும் கூர்மையான முனையிலே முறையாகச் சந்திக்கும். பூச்சியமும் ஏற்கத்தக்க ஓர் அளவே. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் இணங்கும் உரிமையும் இல்லை. எல்லைக்கல் நடும் இடத்திலும், கத்தியின் வாயிலும், கொள்கையின் உயிர்நிலையிலும் முனை வேண்டப்படுவதே.

ஊரளவிற் கண்டதை நாட்டளவிலும் காணலாம். 1987இலும் அதன் பின்னரும் போரின் கொடுமையை நேரிற் கண்ட ஊர்களுள் உரும்பிராயும் ஒன்று. 2009இற் போர் முடிந்தபின் நல்லிணக்கம் என்ற சொல் அரசியல் மேடைகளில் மிகுதியாக வழங்கலாயிற்று. 2010இல் அப்பெயர் தாங்கிய ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டு, 2011இல் அதன் அறிக்கை வெளிவந்தது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. இவற்றின் நிறைகுறைகளை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆயின் உறவுகளைத் தேடும் தாய்மாரின் கோரிக்கையை இங்கு கூறிய நெறியின்வழி விளங்கிக்கொள்ள முடியும். நிகழ்ந்தது யாதென்று முதலிற் கூறுங்கள் என்பதே அவர்களது கேள்வி. முனை எங்கே இருந்தது என்பதைக் குறிக்காமல் வளைவை வரையவேண்டாம் என்று அதனைப் பொருள் கொள்ளலாம். அக்கேள்வியை இணக்கத்துக்கு எதிரானதென்று கூறுவது பிழை. இணக்கத்தை எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்பதையே அது கேட்கின்றது.

முடிவாக

இதுவரை நோக்கியவற்றைத் தொகுத்துக் கூறின், முனையை வளைவாக்குதல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. பாரத்தைப் பரப்பி உடைவைத் தவிர்க்கும்போது அது நன்று. ஆயினும் அது முறையானதாவதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். ஆரை, இரு தரப்பினதும் தாங்கும் ஆற்றலை நோக்கி வகுக்கப்படவேண்டும். சம தூரத்தைச் சம நீதியென மயங்குதல் கூடாது. இழப்பவர் தாமே விட்டுக்கொடுக்கவேண்டும். பூச்சியம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கவேண்டும். நீக்கப்பட்ட முனை எங்கே இருந்ததென்பது பின்வருவோர் பிரித்தறியுமாறு பதியப்படவேண்டும். இம்மூன்றும் இல்லாதவிடத்து வளைவின் மென்மை, நடந்ததை மறைக்கும் பூச்சாகவே முடியும்.

பல்கலைக்கழகத்தில் வரைபடக் கலையைக் கற்போர் ஆரையின் பெறுமானத்தைக் கணிக்கும் முறையை நன்கு கற்கின்றனர். அப்பெறுமானம் யாருடைய நிலத்தில் விழுகின்றது என்று கேட்கும் வழக்கத்தையும் அதனோடு சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். அதற்குப் புதிய பாடநெறி எதுவும் தேவையில்லை. ஒரு மூலையை வளைப்பதற்குமுன் அம்மூலைக்கு ஒருமுறை சென்று, படலையைத் தட்டி, உள்ளே இருப்பவரோடு பேசிவிட்டு வரும் பழக்கம் போதும்.